அப்பா தட்டிப் பார்த்த தூண்

போன டிசம்பரில் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், பள்ளிக்கூடம் திறந்து, பொங்கல் வந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய் இப்போதுதான் உட்கார முடிந்தது. குடும்பம் என்றால் நான், என் வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற மகன், இரண்டாவது படிக்கிற மகள், கூடவே என் அப்பாவும் அம்மாவும். ஹைதராபாத்தில் தில்சுக்நகர் பக்கம் என் நாத்தனார் வீடு. லீவுக்கு வாங்க, வாங்க என்று அண்ணி மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு இந்த முறை கிளம்பிவிட்டோம்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதப்போவது எதுவும் சரியாகப் போய்ச் சேராது. அப்பா சினிமா தியேட்டர் ஆபரேட்டர். 31 வருஷம் அந்த வேலை. பத்தொன்பது வயதில் ஒரு டூரிங் டாக்கீஸில் படப்பெட்டி தூக்கவும் ஃபிலிம் சுற்றிக் கொடுக்கவும் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அப்புறம் எங்கள் ஊர் தியேட்டரில் நிரந்தரமானார். படப்பெட்டிக்குப் பதில் ஹார்டு டிஸ்க்கும் சேட்டிலைட்டும் வந்தபோது அந்தத் தியேட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இப்போது அது கல்யாண மண்டபம். தியேட்டர் மூடிய பிறகு அப்பா எந்தத் தியேட்டருக்கும் படம் பார்க்க வந்ததில்லை. கோபமெல்லாம் கிடையாது. கூப்பிட்டால் "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்பார், அவ்வளவுதான்.

அதனால் ஃபிலிம் சிட்டிக்கும் வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்ததும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "ஷூட்டிங் எடுக்கிற இடம்தானே மாப்பிள்ளை?" ஆமாம் மாமா என்றதும், "அப்ப நானும் வர்றேன்" என்றுவிட்டார். அம்மாவுக்கே ஆச்சரியம். எனக்கு அப்போதுதான் ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. எண்பதுகளில் மெஷினுக்கு ஒரு ஸ்பேர் பார்ட் வாங்க அப்பாவைச் சென்னைக்கு அனுப்பினார்களாம். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வடபழனி போய், ஏவி.எம். ஸ்டூடியோ வாசலில் இருக்கிற அந்த உலக உருண்டையை நின்று பார்த்துவிட்டு, அப்படியே ரயில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். வருஷக்கணக்காகப் படம் ஓட்டிய மனிதர், படம் எடுக்கிற இடத்தை வாசலோடு பார்த்துத் திரும்பியவர்.

சரி, கிளம்பிய கதைக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். தில்சுக்நகரிலிருந்து எல்.பி. நகர், ஹயத்நகர் தாண்டி விஜயவாடா நெடுஞ்சாலையில் நேராகப் போக வேண்டியதுதான். ஆனால் ஒன்று, மெயின் கேட்டுக்கு வந்துவிட்டால் வந்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து அவர்களுடைய பஸ்ஸில் ஏறி இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும், இரண்டு பக்கமும் பாறையும் புதருமாக. மகன் நான்கு தடவை "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுவிட்டான். மொத்தப் பரப்பு 1,666 ஏக்கர், உலகத்திலேயே பெரிய திரைப்பட ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. ஏக்கர் கணக்கு சொன்னால் அப்பாவுக்கு உடனே புரியும். "நம்ம ஊர் ஏரிப் பாசனம் முழுக்கச் சேர்த்தாலே இவ்வளவு வராதே" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இதை உருவாக்கிய ராமோஜி ராவ் 2024 ஜூன் 8-ஆம் தேதி காலமானார். 1974-ல் ஈநாடு பத்திரிகையைத் தொடங்கியவர், 1996-ல் இந்த ஃபிலிம் சிட்டியைக் கொண்டுவந்தவர். அவருடைய இறுதிச் சடங்கும் இந்த வளாகத்துக்குள்ளேயேதான் நடந்தது. கதையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிற தயாரிப்பாளர் முடிந்த படத்தோடு வெளியே போக வேண்டும் என்பதுதான் அவர் நினைத்தது. செட், கேமரா, விளக்கு, லேப், எடிட்டிங், டப்பிங், தங்க ஹோட்டல் எல்லாம் ஒரே இடத்தில். கலை இயக்குநர் நிதிஷ் ராய் வடிவமைத்தார். சுற்றிப் பார்க்க வருகிற நம்மைப் போன்றவர்களுக்கான விளையாட்டு, காட்சி, கடை எல்லாம் இந்த ஸ்டூடியோவை ஒட்டி வளர்ந்தவை. இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. வெறும் ராட்டினத்துக்காகப் போகிறவர்களுக்கு, சென்னையைச் சுற்றியே அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது சினிமா.

ஸ்டூடியோவுக்குள் ஜனங்களை விட்டு வேடிக்கை காட்டுகிற இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று திரும்பி வந்த பிறகு தேடிப் படித்தேன். கார்ல் லெம்லி என்பவர் 1915-ல் கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டூடியோவைத் திறந்தபோதே, 25 சென்ட் வாங்கிக்கொண்டு பொதுஜனத்தை உள்ளே விட்டு ஷூட்டிங் பார்க்க வைத்திருக்கிறார். ஊமைப்பட காலம், அதனால் ஜனங்கள் உட்கார்ந்து கைதட்டலாம், விசிலடிக்கலாம், கேமராவுக்கு ஒன்றும் கேட்காது. பேசும் படம் வந்ததும் அந்தச் சத்தமே தொந்தரவாகிப்போய், வேடிக்கை பார்க்க விடுவதை நிறுத்திவிட்டார்கள். மறுபடி 1964-ல்தான் சுற்றுலாவாகத் தொடங்கினார்கள். சத்தத்தால் நின்றுபோன விஷயம் என்று படித்தபோது எனக்கு அன்றைக்கு நாங்கள் பார்த்த சத்தக் காட்சிதான் மனதில் வந்தது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உள்ளே போனதும் மகனுக்கு ரைடு, மகளுக்குப் பொம்மை கடை, அம்மாவுக்கு எங்கேயாவது உட்கார வேண்டும், எனக்குக் காபி. அப்பா மட்டும் பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பஸ் சுற்று, மத்தியானம் வரைக்கும் ரைடு, அப்புறம் காட்சிகள் என்று என் வீட்டுக்காரர் தீர்ப்பு சொல்லிவிட்டார். அது சரியான தீர்ப்பு. வெயில் ஏறுவதற்குள் பஸ் சுற்றை முடித்துவிட வேண்டும். டிசம்பரிலேயே பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறைப் பகுதி சூடு வாங்கிவிடுகிறது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தொப்பியும் நல்ல செருப்பும் மறக்காதீர்கள், நடை நிறைய.

சிவப்பு நிறத்தில் பழைய காலத்து பஸ் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். கைடு பையனுக்கு ஹிந்தியும் தெலுங்கும்தான். என் வீட்டுக்காரர் அப்பாவின் காதருகில் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டம், நீரூற்று, வெளிநாட்டுத் தெரு, நம்மூர்த் தெரு, சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒரே கட்டடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முகம், பஸ் வளைந்து அந்தப் பக்கம் போனால் வேறு முகம். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி வீடே இல்லம்மா" என்று அவள் கத்தினதும் பஸ்ஸில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், உண்மையிலேயே பின்னால் வீடு இல்லை, முட்டுக்கொடுத்த கட்டைகளும் கம்பிகளும்தான்.

ரயில் நிலையத்தில் தண்டவாளம், பிளாட்பாரம், பெட்டிகள் எல்லாம் இருந்தன. பெயர்ப் பலகையை மாற்றினால் எந்த ஊர் வேண்டுமானாலும் ஆகிவிடும். அப்பா அந்தப் பலகையின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த ஸ்டேஷனை நான் எத்தனை தடவை ஓட்டியிருப்பேனோ" என்றார். அவர் பேச்சில் எப்போதும் அப்படித்தான் வரும். படத்தைப் பார்த்தேன் என்று சொல்லவே மாட்டார், ஓட்டினேன் என்றுதான் சொல்வார்.

அப்புறம் பாகுபலி செட். 2015-லும் 2017-லும் வந்த அந்த இரண்டு படங்களின் பெரும்பகுதி இந்த வளாகத்தில்தான் எடுத்தார்கள், கலை இயக்கம் சாபு சிரில். மகிழ்மதி அரண்மனையின் மிச்சங்களைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் யானைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க ஓடிவிட்டார்கள். அப்பா மட்டும் ஒரு பெரிய தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கருங்கல் தூண் மாதிரியே இருக்கிறது, உளி பட்ட தழும்பு, இடுக்கில் அழுக்கு, மழை வழிந்த கறை எல்லாம் தெரிகிறது. அப்பா விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். காலி டிரம்மைத் தட்டுகிற சத்தம். கையை எடுக்காமல் தடவிப் பார்த்தார், வண்ணம் கொஞ்சம் உரிந்த இடத்தில் வெள்ளையாக ஃபைபர் தெரிந்தது. தள்ளி நின்று முழுத் தூணையும் பார்த்தார், மறுபடி கிட்டே வந்து அந்த மழைக் கறையைப் பார்த்தார். "கறையைக் கூடப் போட்டிருக்கான் பாரும்மா" என்றார். "யாரோ ஒருத்தன் நாள் பூரா சாரத்துல உட்கார்ந்து இந்தக் கறையைப் போட்டிருக்கான். திரையில வந்தா அரை நிமிஷம் இருக்குமா?"

போலி என்று ஏமாந்த முகம் இல்லை அது. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரின் வேலையைப் பார்க்கிற முகம். பக்கத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போனபோதும் அவர் நகரவில்லை. நானும் அவரை நகர்த்தவில்லை.

மத்தியானம் வரை ரைடுகள். அதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, எல்லா இடத்திலும் இருப்பவைதான். மகனும் அவன் அப்பாவும் சுற்றுகிறதில் ஏறி வெளுத்த முகத்தோடு இறங்கினார்கள், மகள் சின்னப் பிள்ளைகளுக்கான பகுதியில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் களைத்தாள். சாப்பாட்டுக்கு வரிசை நீளம், பன்னிரண்டரைக்கே போய்விட்டால் நிம்மதி.

இரண்டு மணிக்கு மேல், சினிமா எப்படி உருவாகிறது என்று செய்து காட்டுகிற அரங்குக்கு வரிசையில் நின்றோம். நகராத வரிசை. மகள் சிணுங்க ஆரம்பித்தாள். அப்பா அவளைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையை விரித்து, அதுதான் திரை என்றார்.

"இது திரை. நான் பின்னாடி ரூம்ல இருக்கேன். என்கிட்ட ரெண்டு மெஷின். ஒரு மெஷின்ல ஒரு பெரிய ரீல் இருபது நிமிஷம் ஓடும். அது முடியறதுக்குள்ள அடுத்த மெஷின்ல அடுத்த ரீலை மாட்டி வச்சிருக்கணும். படம் நிக்கவே கூடாது. எப்ப மாத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு?"

மகளுக்குத் தெரியவில்லை. அப்பா உள்ளங்கையின் வலது மேல் மூலையில், சுண்டுவிரலுக்குக் கீழே, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு வட்டப் புள்ளி வரும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினுக்கு மோட்டார் போடணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏழு எண்ணுறதுக்குள்ள இன்னொரு புள்ளி வரும். அப்ப டக்குனு இந்த வெளிச்சத்தை மூடி அந்த வெளிச்சத்தைத் திறக்கணும்."

இதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், மறந்தும் போய்விட்டேன். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற ஃபிலிமில் அந்தப் புள்ளி நான்கு ஃபிரேமில்தான் இருக்கும், அதாவது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. படம் பார்க்கிற நமக்குக் கண்ணிலேயே படாது. ஆபரேட்டர் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக அதற்காகவே காத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் விளக்கையும் கவனிக்க வேண்டும். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவில் எரிகிற வெளிச்சம் அது, குச்சி எரிந்து குறையக் குறைய நெருக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மஞ்சளாகும், ஜனங்கள் கத்துவார்கள். அப்பா சட்டையில் எப்போதும் ஒரு கருகின வாசனை இருக்கும். எனக்கு அது கார்பன் வாசனை என்று தெரியாது, அப்பா வாசனை என்று நினைத்திருந்தேன்.

வரிசை நகர்ந்து உள்ளே போனோம்.

முதல் அரங்கில் ஒரு குதிரை வண்டி. குதிரை கிடையாது. பின்னால் ஒரே நிறத்தில் வெறும் திரை. பார்வையாளர்களில் ஒரு பெண் வேண்டும் என்று காட்சியை நடத்துகிற பையன் கூட்டத்தைத் துழாவினான். இளம்பெண்கள் நான்கைந்து பேர் கை தூக்கினார்கள். அவன் நேராக வந்து என் அம்மாவின் முன்னால் நின்றான். அம்மாவுக்கு வயது 64. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. "ஐயோ நான் இல்லப்பா, முட்டிவலி" என்று தமிழில் அவனிடம் சொன்னார். அவன் அழகாகக் கை நீட்டினான். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா, "போயேன். ஏறு" என்றார்.

அம்மா ஏறினார். நூல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வண்டியில் உட்கார்ந்து, கையில் சாட்டையை வாங்கிக்கொண்டார். பின்னால் இரண்டு பேர் வண்டியைப் பிடித்து ஆட்டினார்கள், பக்கத்திலிருந்து ஃபேன் காற்றடித்தது. திரும்பிப் பாருங்கள், பயப்படுங்கள், ஓட்டுங்கள் என்று அந்தப் பையன் சைகையிலேயே சொன்னான். முதல் முறை அம்மா சிரித்துவிட்டார். இரண்டாவது முறை, கூட்டத்திலிருந்து அப்பா, நான் என் வாழ்க்கையில் கேட்டிராத ஒரு குரலில், "கையை ஓங்கி அடி, ஓங்கி!" என்று கத்தினார். அம்மா ஓங்கினார் பாருங்கள், வண்டி உண்மையிலேயே ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த அரங்கு சத்தத்துக்கு. துரத்தல் காட்சிக்கு என்ன சத்தமெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் பார்வையாளர்களையே மேலே கூப்பிட்டுச் செய்ய வைக்கிறார்கள். குதிரைக் குளம்பு, காற்று, இடி. என் மகனுக்கு இடி கிடைத்தது, ஒரு பெரிய தகரத் தகட்டைப் பிடித்து உலுக்க வேண்டும். இப்படிச் சத்தம் சேர்ப்பதற்கு ஃபோலி என்று பெயர், யுனிவர்சல் ஸ்டூடியோவில் பேசும் படக் காலத் தொடக்கத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவர் பெயர்தான் அது. படப்பிடிப்பில் மைக் நடிகர்களின் பேச்சைத்தான் பிடிக்கும், காலடிச் சத்தம், துணி உரசுகிற சத்தம், கதவுச் சத்தமெல்லாம் பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் செய்து சேர்ப்பவைதான். குதிரை ஓடுகிற சத்தத்துக்குக் காலம் காலமாகக் கொட்டாங்குச்சிதான்.

இந்த அரங்கில் அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் ரூமில் மெஷின் சத்தம் எப்போதும் இருக்கும், தையல் மெஷின் பத்து சேர்ந்து ஓடுகிற மாதிரி. அதற்கு நடுவில் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் வருகிற சத்தத்தை வைத்தே எந்தக் காட்சி ஓடுகிறது, ரீல் முடிய எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஒரு படத்தை ஐம்பது நாள், நாளைக்கு நான்கு காட்சி ஓட்டினால் வேறு எப்படி இருக்கும். அந்த இடியையும் குளம்பையும் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. என் மகன் தகட்டை உலுக்கியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் ஏத்தணும்" என்று முணுமுணுத்தார். அந்தப் பையனும் மேடையில் ஏறக்குறைய அதையேதான் என் மகனிடம் சைகையில் சொன்னான்.

மூன்றாவது அரங்கு இருட்டு, நாற்காலிகள், திரை. முடிந்த படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். உட்கார இடம் பிடிக்கிற அவசரத்தில் நாங்கள் பிரிந்துவிட்டோம். நானும் பிள்ளைகளும் பின் வரிசையில், அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளிப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

விளக்கு அணைந்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த எல்லாப் படமும் அம்மாவோடு பார்த்ததுதான். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் உட்காருவார், அப்பா மேலே ரூமில் இருப்பார். இடைவேளையில் முறுக்கும் கலரும் கொடுத்தனுப்புவார். படம் ஓடும்போது நான் திரும்பிப் பார்த்தால் அந்தச் சதுர ஓட்டையிலிருந்து வெளிச்சம் வரும், அதுதான் அப்பா. கல்யாணமான புதிதில் கூட, அம்மா சொல்லியிருக்கிறார், கோவிலுக்குச் சேர்ந்து போயிருக்கிறோம், சினிமாவுக்குச் சேர்ந்து போனதில்லை என்று. தியேட்டர் மூடிய பிறகும் போகவில்லை. இருட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது, நான் பார்க்க, இதுதான் முதல் தடவை.

திரையில் பெரிய பாறைக்காடு, புழுதி, பின்னால் குதிரையில் துரத்துகிறார்கள், முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு என் அம்மா. அந்த வெறும் திரையின் நிறத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாறைக்காட்டை வைத்துவிடுகிறது. அம்மாவின் பின்கொசுவம் காற்றில் பறக்கிறது, அம்மா திரும்பிப் பார்க்கிறார், சாட்டையை ஓங்குகிறார், என் மகனின் இடி இடிக்கிறது. ஒரு நிமிஷம் கூட இருக்காது. கூட்டம் கைதட்டியது. மகள் நாற்காலியில் ஏறி நின்று "ஆயா! ஆயா!" என்று கத்தினாள்.

நான் திரையைப் பார்த்ததை விட முன்னால் இருந்த இரண்டு தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார், காட்சி முடிந்து திரை வெளுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் அம்மா, "என்னங்க, எப்படி நடிச்சேன்?" என்றார். அப்பா ரொம்ப யோசித்து, "வெள்ளிவிழா" என்றார்.

சாயங்காலம் விளக்குகள் போட்டார்கள், டிசம்பர் கடைசியில் அங்கே குளிர்காலக் கொண்டாட்டம் நடக்கும், ஊர்வலமும் ஆட்டமும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. எங்களுக்குக் கால் போய்விட்டது. திரும்பி வரப் புக் பண்ணின வண்டி பாதி வழியில் ரத்து பண்ணிவிட்டுப் போய்விட்டது, முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நின்றோம், போகிறவர்கள் திரும்பி வரும் வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்கால் மணி நேரமும் அப்பா என் வீட்டுக்காரரிடம் அந்தத் தூணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து ஃபைபர் ஊற்றுவார்களா, ஒரு தூணுக்கு எத்தனை ஆள், படம் முடிந்ததும் எங்கே வைப்பார்கள் என்று. மனிதருக்கு 70 வயது, காலையிலிருந்து நிற்கிறார், சோர்வே தெரியவில்லை.

அண்ணி வீட்டுக்கு வந்து சேர எட்டரை. சூடாக ரசமும் அப்பளமும் வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தோம், டிவியில் ஏதோ கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. மகள் தாத்தாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"தாத்தா! புள்ளி!"

தடக்கென்று எழுந்து உட்கார்ந்து டிவியின் வலது மேல் மூலையைக் காட்டினாள். நாங்கள் பார்ப்பதற்குள் போய்விட்டது. அப்பா பார்த்துவிட்டார்.

"மோட்டார் போட்டியா?" என்றார்.

"போட்டாச்சு."

"எண்ணு."

ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். அப்பாவின் வலது கை சோபாவின் கைப்பிடியில் இருந்தது, அதன் மேல் அவள் கை. ஏழு சொல்லி முடிக்கும்போது அதே மூலையில் இன்னொரு புள்ளி மின்னியது. இரண்டு கையும் சேர்ந்து கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டின. படம் நிற்காமல் ஓடியது.